கூலிக் கணக்கு எழுதிய பத்திராதிபர்

எழுத்தைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் இளைஞர் ஒருவர் பத்திரிகை அலுவலகத்தின் படியேறும் நாளில், இலக்கணத்திலோ இலக்கியத்திலோ எக்கேள்வி கேட்பினும் ஓரளவு விடை கூறிவிடுவார். மாதச் சம்பளம் எவ்வளவு வேண்டும் என்று கேட்கும்போதுதான் அவருடைய நா தடுமாறும். கூட்டிக் கேட்டால் பேராசைக்காரன் என்பார்களோ என்னும் அச்சம் ஒருபுறம். குறைத்துக் கேட்டால் அதுவே நிலைத்துவிடுமோ என்னும் கவலை மறுபுறம். தங்களுக்கு விருப்பமானதைத் தாருங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, பின்னர்ப் பல்லாண்டு மனம் புழுங்கியவர்கள் நம்மிடையே பலர். கலையையும் கூலியையும் ஒரே மூச்சிற் பேசுவது இழுக்கு என்னும் எண்ணம் நம்முள் வேரூன்றிக் கிடப்பதே இதற்குக் காரணம்.

பழந்தமிழ்ப் புலவரிடம் இக்கூச்சத்தைக் காண்பது அரிது. வறுமையால் வாடிய பெருஞ்சித்திரனார், அதியமான் நெடுமான் அஞ்சி தம்மை நேரிற் காணாமலே கொடுத்தனுப்பிய பரிசிலை ஏற்க மறுத்தார் என்பதைப் புறநானூற்றால் அறிகிறோம். வீட்டிலே பசி, கையிலே வந்த பொருள், இருந்தும் அவர் அதைத் திருப்பிவிட்டார். பரிசில் பெரிதா சிறிதா என்று பார்க்குமுன், தம் புலமையை அளந்தறிந்து தரப்பட்டதா என்று பார்த்தார். தரப்படுவது பிச்சையாயிருத்தல் ஆகாது, தகுதிக்கு உரிய ஊதியமாயிருத்தல் வேண்டும் என்பதே அவர் கொண்ட அளவுகோல்.

அந்த அளவுகோலைத் தம் கையில் எடுத்துக்கொண்டு, அதனாற் புலவர்களின் பரிசிலை மட்டுமன்றித் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்ணின் நாட்கூலியையும் அளந்து பார்த்த பத்திராதிபர் ஒருவர் இலங்கை மலைநாட்டில் வாழ்ந்தார். அவர்தாம் கோதண்டராம நடேசய்யர். தொழிற்சங்கவாதி என்றும் அரசியல்வாதி என்றும் அவரை அறிந்தோர் பலர். ஆயின் அவர் வாழ்வின் அச்சாணி எழுத்து. எழுதுபவனுக்கு யார் சம்பளம் தருவது, அச்சம்பளம் எதற்காகத் தரப்படுகிறது என்னும் கேள்விகளை அவருடைய வாழ்க்கையை விடத் தெளிவாக விளக்குவது அரிது.

ஆசிரியத் தொழிலும் எழுத்துத் தொழிலும்

நடேசய்யர் 1887ஆம் ஆண்டில் தஞ்சை மாவட்டத்திற் பிறந்தார். ஆங்கிலக் கல்வி பெற்றுத் தஞ்சையில் ஆசிரியராய்ப் பணிபுரிந்தார். வர்த்தகக் கல்வியில் அவருக்கு ஈடுபாடு மிகுதி. வணிகர்க்குப் பயன்படும் வண்ணம் வர்த்தகமித்திரன் என்னும் பத்திரிகையை அங்கே நடத்தினார். கணக்கு, காப்புறுதி, இயந்திரம் முதலிய உலகியற் பொருள்களைத் தமிழில் எழுதலாம், எழுதவேண்டும் என்று கருதிய தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். பற்றையும் வரவையும் இரு பத்திகளாக எழுதி, இறுதியில் இரண்டும் ஒத்துவருகின்றனவா என்று பார்க்கும் பழக்கம் பிற்காலத்தில் அவருடைய அரசியலுக்கும் உதவியது.

அக்காலத்து எழுத்துத் தொழிலின் நிலைமை எத்தகையது என்பதை ஈண்டு நினைத்துப் பார்த்தல் வேண்டும். தஞ்சை மண்ணில் தோன்றிய ஜி. சுப்பிரமணிய ஐயர் ஆசிரியராயிருந்து பத்திராதிபரானவர். 1878ஆம் ஆண்டில் அவரும் நண்பர் ஐவரும் சேர்ந்து ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, ஹிந்து பத்திரிகையின் முதல் இதழில் 80 பிரதிகள் அச்சிட்டனர். 1904ஆம் ஆண்டில் சுப்பிரமணிய பாரதியார் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராய் அமர்ந்தபோது அவருக்குக் கிடைத்த மாதச் சம்பளம் பதினேழரை ரூபாய். சில மாதங்களில் அதையும் விட்டுச் சென்னைக்குச் சென்று, ஜி. சுப்பிரமணிய ஐயரின் சுதேசமித்திரனில் உதவியாசிரியரானார். அங்கும் தம் கருத்து முழுவதையும் எழுத இடம் போதாமையால், 1906இல் இந்தியா வாரப் பத்திரிகையின் பொறுப்பை ஏற்றார். ஆசிரியத் தொழிலிலிருந்து பத்திரிகைக்கும், அங்கிருந்து தம் கருத்துக்கு இடங்கொடுக்கும் பத்திரிகைக்கும் என்று நகர்ந்த இப்பாதை, அந்நாளைய தமிழ் எழுத்தாளரின் பொதுப் பாதை எனலாம். நடேசய்யரும் அப்பாதையிற் சென்றவரே. ஆயின் அது அவரைக் கடல் கடந்து கொண்டு சென்றது.

புடவை மூட்டையும் தோட்டத்து வாயிலும்

1915ஆம் ஆண்டில் வர்த்தகத் தொடர்பாக நடேசய்யர் கொழும்புக்கு வந்தார். வந்தவர், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழ் மக்களைக் காண விரும்பினார். அது எளிதாயிருக்கவில்லை. தோட்டம் என்பது துரையின் ஆட்சிக்குட்பட்ட தனிநாடு போன்றது. அயலார் அனுமதியின்றி உள்ளே நுழைந்தால் அத்துமீறிப் புகுந்த குற்றம் சாட்டப்படும். உறவினரைப் பார்க்க வந்தவரும் துரையின் இசைவைப் பெறவேண்டும். அத்தகைய வாயிலுக்குள் தடையின்றிச் சென்றுவந்தவர்களில் ஒருசாரார் புடவை வியாபாரிகள். ஆகவே நடேசய்யரும் புடவை விற்பவராக வேடம்பூண்டு, லயங்களுக்குள் நுழைந்து, தொழிலாளரின் வாழ்க்கையை நேரிற் கண்டார். செய்தி சேகரிக்கச் செல்லும் பத்திரிகையாளர் ஒருவர் செய்யத்தக்க முதல் வேலையை அவர் செய்தார்: தாம் எழுதப்போகும் பொருளைத் தம் கண்ணால் பார்த்தார்.

அன்றைய தோட்டத்தில் கூலி என்பது எவ்வாறு அமைந்திருந்தது? ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரிற் பயிரிட்ட தேயிலை, கோப்பிப் பயிர் நோயால் அழிந்த பின்னர் மலைநாடு எங்கும் பரவியது. அதற்கு ஆள் சேர்த்தவர் கங்காணிமார். தென்தமிழ்நாட்டுக் கிராமங்களில் முன்பணம் கொடுத்து மக்களை அழைத்து வந்தனர். அம்முன்பணம் தொழிலாளியின் பெயரிற் கடனாயிற்று. வேலைக்கு வரும் ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்கு இத்தனை சதம் என்று தோட்டம் கொடுத்தது. அதனைப் பென்ஸ் காசு என்றனர். தொழிலாளியின் கடனைத் தீர்த்தால் அவரை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு, துண்டு எனப்பட்டது. அத்துண்டைக் காட்டி மற்றொரு தோட்டத்தில் மேலும் முன்பணம் பெறுவது கங்காணிமாரின் வழக்கம். ஆளோடு கடனும் தோட்டம் மாறும். மாறுந்தோறும் கடன் வளரும். துண்டு முறை 1921ஆம் ஆண்டிற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

விடியுமுன் தப்பு முழங்க, தொழிலாளர் பெரட்டுக்களத்திற் கூடுவர். அன்று வேலை செய்தவருக்குச் செக்ரோலில் பேர் விழும். நிறுவையிற் கொழுந்து குறைந்தாலோ, நேரஞ்சென்று வந்தாலோ அரைப் பேர்தான். மாதமுடிவில் அரிசிக்கும், கங்காணியின் கடைக்கும், கடனுக்கும் கழித்தபின் எஞ்சியதே சம்பளம். எத்தனை பேர் விழுந்தது, எவ்வளவு கழிந்தது, ஏன் கழிந்தது என்பவற்றை எழுதியவர் ஒருவர். வாசிக்க அறியாமல் கைநாட்டு வைத்தவர் வேறொருவர். கணக்கறியாதவர் கூலியைப் பேசுதல் எங்ஙனம்? வர்த்தகப் பத்திரிகை நடத்திய நடேசய்யருக்கு இந்நிலையின் பொருள் விளங்காமற் போயிராது. ஒப்பந்தத்தின் இரு தரப்பில் ஒரு தரப்பினரிடம் மட்டுமே கணக்குப் புத்தகம் இருந்தது.

கொழும்பிற் பத்திராதிபர்

1920ஆம் ஆண்டில் நடேசய்யர் மீண்டும் இலங்கைக்கு வந்தார். அடுத்த ஆண்டில் கொழும்பில் தேசநேசன் பத்திரிகையின் ஆசிரியரானார். மலைநாட்டுத் தொழிலாளரின் குறை தீர்க்கும் எழுத்துக்குக் கொழும்பில் ஒரு மேடை கிடைத்தது. இருப்பினும் அம்மேடைக்கும் சில வரம்புகள் இருந்தன. அந்நாளைய தமிழ்ப் பத்திரிகை, சந்தாவைக் காட்டிலும் வர்த்தகர்களின் முதலையும் விளம்பரத்தையும் நம்பி வாழ்ந்தது. யாருக்காகப் பத்திரிகை பேச விழைந்ததோ அவர்கள் காசு கொடுத்து வாங்க இயலாதவர்கள். வாங்கினும் வாசிக்க அறியாதவர்கள். பத்திரிகைக்குப் பணந்தரும் தரப்பு ஒன்று, பத்திரிகை பேசவேண்டிய தரப்பு மற்றொன்று. ஆசிரியரின் நாற்காலி இவ்விரண்டுக்கும் நடுவே இருந்தது.

எழுத்துத் தொழிலுக்குப் புதிதாக வருவோர் இவ்விடத்திற் சிறிது நிற்றல் நன்று. சம்பளம் பேசும்போது நாம் விற்பது எது? நம்முடைய நேரத்தையும் உழைப்பையும் தேர்ச்சியையும் விற்கிறோம். அவற்றுக்கு விலை உண்டு. அதை வெட்கமின்றிப் பேசலாம். ஆயின் நம்முடைய முடிவை, அதாவது எது உண்மை என்று நாம் காணும் காட்சியை, அதே விலைக்குள் அடக்கி விற்றுவிட்டால், பின்னர் நம்மிடம் எழுதுவதற்கு என்ன எஞ்சும்? இவ்விரண்டையும் பிரித்துப் பேசத் தெரியாதவரே பெரும்பாலும் குறைந்த சம்பளத்தையும் பெற்று, கருத்தையும் இழக்கின்றனர்.

நடேசய்யர் 1924ஆம் ஆண்டில் தேசபக்தன் என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். பின்னர் அது நாளிதழாயிற்று. தேசநேசன், தேசபக்தன் என்பவற்றோடு அவர் பணி முடியவில்லை. தோட்டத் தொழிலாளி, உரிமைப்போர், சுதந்திரப்போர், வீரன் என்று தமிழிலும், சிற்றிசன், போவார்ட் என்று ஆங்கிலத்திலும் அவர் பல பத்திரிகைகளை நடத்தினார். ஒன்று நின்றால் மற்றொன்றைத் தொடங்கினார். இப்பெயர்ப் பட்டியலை அவருடைய தளராமைக்குச் சான்றாகக் கொள்வதுண்டு. அதே பட்டியல், கூலியாளர் பக்கம் நின்ற பத்திரிகை எதுவும் அக்காலத்தில் நீடித்துத் தன் காலில் நிற்க முடியவில்லை என்பதற்கும் சான்றாகும். சொந்தப் பத்திரிகை நடத்துவோருக்குச் சம்பளம் தருவோர் வேறிலர். அவர் பெற்ற சுதந்திரத்தின் விலையை அவரே மாதந்தோறும் கட்டவேண்டியிருந்தது.

இந்தச் செலவில் அவருக்குத் துணைநின்றவர் அவர் மனைவியார் மீனாட்சி அம்மையார். தேசபக்தன் பணியில் அம்மையாரின் பங்கு பெரிது. அவர் தாமும் எழுதினார்; மேடையிற் பாடினார். அவர் பணியைப் பின்னர்த் தனியாகக் காண்போம்.

ஐம்பத்து நான்கு சதம்

கொழும்பில் ஏ. ஈ. குணசிங்கா 1922ஆம் ஆண்டில் இலங்கைத் தொழிலாளர் சங்கத்தை நிறுவியிருந்தார். நடேசய்யர் அவரோடு இணைந்து அச்சங்கத்தின் உபதலைவரானார். நகரத் தொழிலாளர் கூட்டாக நின்று கூலி கேட்கும் முறையை அங்கே அவர் அருகிருந்து கற்றார். 1925ஆம் ஆண்டில் சட்டநிரூபண சபையில் இந்தியர் பிரதிநிதியாக இடம்பெற்றார். சபையிற் பேசிய பேச்சும் பத்திரிகையில் எழுதிய எழுத்தும் ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டன: தோட்டத் தொழிலாளிக்குச் சட்டம் உறுதிசெய்யும் குறைந்தபட்சக் கூலி வேண்டும் என்பதே அது.

அக்கோரிக்கைக்கு இந்தியாவிலும் ஆதரவு இருந்தது. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியகல்வுச் சட்டத்திற்குப் பின்னர், கடல்கடந்து செல்லும் தொழிலாளருக்கு உரிய கூலி கிடைக்கிறதா என்று இந்திய அரசாங்கம் கேட்கத் தொடங்கியது. அதன் பிரதிநிதி ஒருவர் கண்டியில் இருந்துவந்தார். இப்பல முனை நெருக்குதலின் விளைவாக 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் பிறந்தது. அதன்படி 1929ஆம் ஆண்டில் குறைந்தபட்ச நாட்கூலி நடைமுறைக்கு வந்தது. மலைநாட்டின் உயர்ந்த பகுதியில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். நடுப்பகுதியில் முறையே 52, 41, 31 சதம். தாழ்நாட்டில் 50, 40, 30 சதம்.

இவ்வெண்களை நாமும் ஒருமுறை கூட்டிப் பார்க்கலாம். ஒரு மாதத்தில் 25 நாட்களும் முழுப் பேர் விழுந்த ஆணுக்கு 13 ரூபாய் 50 சதம். அவ்வாறே 25 நாட்களும் மலையேறிக் கொழுந்து பறித்த பெண்ணுக்கு 10 ரூபாய் 75 சதம். ஐந்து நாட்கள் அரைப் பேராகிவிட்டால் ஆணின் சம்பளத்தில் 1 ரூபாய் 35 சதம் போய்விடும். கால் நூற்றாண்டுக்கு முன்னர்ப் பாரதியார் பெற்ற பதினேழரை ரூபாய் ஒரு தமிழாசிரியரின் வறுமைக்கு எடுத்துக்காட்டாக இன்றும் சொல்லப்படுகிறது. அந்தத் தொகையையும் எட்டாத கூலியைத்தான் சட்டம் 1929இல் தோட்டத் தொழிலாளிக்கு உறுதிசெய்தது. இருந்தும் அச்சட்டம் சிறிய காரியமன்று. கூலி துரையின் மனநிலையையோ கங்காணியின் தயவையோ பொறுத்திராமல், அச்சிட்டு அறிவிக்கப்பட்ட ஓர் எண்ணாயிற்று. எண் ஒன்று இருந்தால்தான் அது போதாது என்று வாதாடவும் இயலும்.

அட்டனில் எழுந்த சங்கம்

குணசிங்காவுடன் கொண்ட உறவு 1920களின் இறுதியில் முறிந்தது. இந்தியத் தொழிலாளருக்கு எதிரான குரல் நகரத்துத் தொழிலாளர் இயக்கத்தில் ஓங்கியபோது, நடேசய்யர் மலைநாட்டை நோக்கித் திரும்பினார். 1931ஆம் ஆண்டில் அட்டன் நகரில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். தேயிலை மலைகளுக்கு நடுவே அமைந்த அட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, திம்புலைப் பகுதிகளுக்குப் புகையிரதமும் சந்தையும் கூடுமிடம். தோட்டத்திற்குள் கூட்டம் போட இயலாத சங்கம், தோட்டத்து மக்கள் பொருள் வாங்க வரும் நகரத்திற் கூட்டம் போட்டது.

காலமோ மிகப் பொல்லாதது. உலகப் பொருளாதார மந்தத்தால் தேயிலை விலை வீழ்ந்தது. தோட்ட முதலாளிமார் கூலிக் குறைப்பைக் கோரினர். இரண்டாண்டுகளுக்கு முன்னர் எழுதப்பட்ட 54 சதம் 1930களின் தொடக்கத்திற் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. அதனை எதிர்த்து நடேசய்யர் கூட்டங்கள் நடத்தினார், எழுதினார், சிறு பிரசுரங்களை அச்சிட்டுப் பரப்பினார். குறைப்பை முற்றாகத் தடுக்க அவரால் இயலவில்லை. இருப்பினும், கூலியைக் குறைப்பதற்குக் காரணம் காட்டவேண்டிய கடமையை முதலாளிமார் மீது ஏற்றியது அந்த எதிர்ப்பின் பயன். விலை ஏறியபோது எங்களுக்கு ஏன் ஏற்றவில்லை என்னும் கேள்வி லயங்களில் எழத் தொடங்கிற்று.

அவர் எழுதிய நூல்களிற் பல இந்நோக்கத்திற்கே பிறந்தவை. நீ மயங்குவதேன் என்பது ஊக்கமூட்டும் நூல். தொழிலாளர் சட்டங்களை எளிய தமிழில் விளக்கினார். 1937இல் வெளிவந்த தொழிலாளர் அந்தரப் பிழைப்பு என்னும் நாடகத்தில் தோட்ட வாழ்வை மேடைக்குக் கொணர்ந்தார். சட்டத்தைச் சட்டமாகவே சொன்னால் கேட்போர் சிலர். கதையாகவும் கூத்தாகவும் சொன்னால் கேட்போர் பலர் என்பதை அவர் அறிந்திருந்தார்.

மீனாட்சி அம்மையார் அதனினும் ஒருபடி சென்றார். எழுத்தறியாதவரிடம் பத்திரிகை செல்லாது, பாட்டு செல்லும். மக்கள் வாயிற் பழகிய மெட்டுகளில் சொற்களை அமைத்து, கூட்டந்தோறும் பாடினார். 1931ஆம் ஆண்டில் இந்தியத் தொழிலாளர் துயரச் சிந்து என்னும் நூலை வெளியிட்டார். 1940இல் இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை என்னும் பாடல் நூல் வந்தது. கொழுந்து பறிக்கும் பெண்கள் தம் கூலிக் கணக்கைப் பாட்டாகக் கேட்டனர். அரசியல் மேடையிற் பெண் ஏறுவதே அரிதாயிருந்த நாளில், பாடலாசிரியராகவும் பாடகியாகவும் ஏறிய இவ்வம்மையாரின் பெயர், மலையக இலக்கிய வரலாற்றின் முதற் பக்கங்களில் இடம்பெறுவதற்கு உரியது.

1931ஆம் ஆண்டுத் தேர்தலில் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்று தொழில் அமைச்சரானவர் பெரி சுந்தரம். 1936ஆம் ஆண்டுத் தேர்தலில் அத்தொகுதி நடேசய்யரைத் தேர்ந்தெடுத்தது. புடவை மூட்டையுடன் வேடமிட்டு நுழைந்த மலைநாட்டிற்கு, 21 ஆண்டுகளுக்குப் பின்னர் அவர் மக்கள் பிரதிநிதியாக வந்தார்.

தனி ஒருவர் பேனாவும் கூட்டுக் குரலும்

பெரியோரின் வாழ்வை எழுதும்போது குறைகளை மறைப்பது நம் வழக்கம். நடேசய்யருக்கு அது தேவையில்லை. அவர் நிறுவிய சம்மேளனம் பெரும்பாலும் அவர் ஒருவரின் ஆற்றலிலேயே நடந்தது. பத்திராதிபர், சங்கத் தலைவர், சபை அங்கத்தவர், பேச்சாளர் என்னும் பொறுப்புகள் யாவும் ஒருவர் தோள்மேல் இருந்தன. தோட்டந்தோறும் கிளை அமைத்து, அடுத்த தலைவர்களைப் பயிற்றி, அவர்கள் கையிற் கணக்கை ஒப்படைக்கும் அமைப்பாக அது வளரவில்லை. 1939ஆம் ஆண்டில் ஜவகர்லால் நேருவின் வருகையை ஒட்டி இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. அதன் தொழிற்சங்கம் தோட்டங்களில் விரைந்து பரவியபோது, நடேசய்யரின் சங்கம் பின்தங்கியது. 

1940ஆம் ஆண்டு ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு நடந்த போராட்டத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். அதே ஆண்டில் தோட்ட முதலாளிமாருக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடையே ஏழு அம்ச ஒப்பந்தம் ஏற்பட்டது. தொழிலாளர் சங்கத்தோடு பேசித் தீர்க்கவேண்டும் என்னும் கொள்கையை முதலாளிமார் ஏற்றனர். நடேசய்யர் ஓர் ஆளாகத் தொடங்கிய பேச்சு, மேசையின் இருபுறமும் நாற்காலி போட்டுப் பேசும் முறையாக மாறிற்று. அம்மேசையில் தலைமை இடத்தில் அவர் அமரவில்லை. ஆயினும் அந்த மேசைக்கு வழி வெட்டியவர்களில் அவர் முதல்வர்.

நாடு சுதந்திரம் அடைவதற்குச் சில மாதங்களுக்கு முன், 1947ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 7ஆந் தேதி நடேசய்யர் காலமானார். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியதைக் காணும் துயரம் அவருக்கு நேரவில்லை. அவரைப் பற்றிய செய்திகளைப் பல்லாண்டு தேடித் திரட்டி நூலாக்கியவர் மலையக எழுத்தாளர் சாரல்நாடன். மறதியில் ஆழ்ந்திருந்த இப்பத்திராதிபரைப் பிற்காலத்தவர் அறிந்தது பெரிதும் அன்னாரின் உழைப்பால்.

இளையோர்க்கு ஒரு சொல்

மலைநாட்டின் கூலி வழக்கு நடேசய்யரோடு முடிந்துவிடவில்லை. நாளொன்றுக்கு 1,000 ரூபாய் வேண்டும் என்னும் தோட்டத் தொழிலாளரின் கோரிக்கை பல ஆண்டுகள் நீடித்து, 2021ஆம் ஆண்டில் சம்பளச் சபையின் வழியாகவே நிறைவேறிற்று. எண்ணும் பணத்தின் மதிப்பும் மாறின. அச்சிட்டு அறிவிக்கப்பட்ட எண்ணை முன்வைத்து வாதாடும் முறை மாறவில்லை.

எழுத்தையும் கலையையும் நம்பி வாழ்க்கையைத் தொடங்கும் இளையோர், தேயிலை மலைக்கும் தமக்கும் என்ன தொடர்பு என்று வினவலாம். தொடர்பு மிக நெருங்கியது. எழுதுவோரும் வரைவோரும் இசைப்போரும், தம் வேலையை வேலை என்று சொல்லக் கூசுவதனாலேயே அரைப் பேருக்கு முழுநாள் உழைக்கின்றனர். முதல் வேலை கிடைத்ததே பெரிது என்னும் எண்ணம், கங்காணி கொடுத்த முன்பணம் போன்று பின்னாளில் அவர்களைக் கட்டிப்போடுகிறது. பெயர் வரும், அனுபவம் வரும், சம்பளம் பிறகு பார்க்கலாம் என்னும் வாக்குறுதி, எழுத்தில் இல்லாத வரையில் துண்டுச் சீட்டினும் மலிவானது.

நடேசய்யரின் வாழ்விலிருந்து இளையோர் கைக்கொள்ளத்தக்கவை நான்கு. முதலாவது, கணக்கை அறிதல். நம் வேலைக்கு எத்தனை மணி நேரம் செல்கிறது, அதே வேலைக்குப் பிறர் எவ்வளவு பெறுகின்றனர், நம் குடும்பம் நடத்த எவ்வளவு வேண்டும் என்பவற்றை எழுதிப் பார்த்த பின்னரே பேசத் தொடங்குதல் வேண்டும். இரண்டாவது, பேசியதை எழுத்தில் வாங்குதல். சொல்லில் இருக்கும் சம்பளம் தருபவரின் மனம்போல் வளையும்; தாளில் இருக்கும் சம்பளத்தைக் குறைப்பதற்குக் காரணம் காட்டவேண்டும். மூன்றாவது, உழைப்பையும் கருத்தையும் பிரித்தறிதல். உழைப்புக்கு விலை பேசலாம்; கருத்தை விலைக்குள் சேர்க்கும் இடத்தில் எழுந்து வருதல் நன்று. எழுந்து வருவதற்குச் செலவு உண்டு என்பதையும் அவர் நடத்திய பத்திரிகைகளின் நீண்ட பட்டியல் நமக்குச் சொல்கிறது. நான்காவதை அவருடைய வெற்றியைவிடத் தோல்வியே நன்கு கற்பிக்கிறது: ஒருவர் தனித்து நின்று பெறும் ஊதியம் அவரோடு போய்விடும், பலர் கூடிப் பெறும் ஊதியமே அடுத்து வருவோர்க்கும் நிற்கும்.

ஆசிரியர்கள் தம் மாணவருக்கு எழுத்தின் அழகைக் கற்பிக்கும்போது, எழுத்தாளன் உண்ணவேண்டும் என்பதையும் கற்பித்தல் வேண்டும். பரிசிலைத் திருப்பிய புலவரையும், செக்ரோலைப் புரட்டிப் பார்க்கச் சொன்ன பத்திராதிபரையும் ஒரே பாடத்தில் வைத்துப் படிப்பித்தால், முதற் சம்பளம் பேசச் செல்லும் நாளில் அம்மாணவரின் நா தடுமாறாது.